ஐந்து ஏடுகளை இணைத்த கதை



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்துக்கு வெளியே குடியேறியவர்களின் நாட்காட்டியில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு விசேட நாள் உண்டு. அது தீபாவளியும் அன்று, பொங்கலும் அன்று. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்ல ரயிலில் இடம் பதிவு செய்யத் தொடங்கும் நாளே அது. பயண நாளுக்கு 120 நாட்களுக்கு முன்னர்த் தொடங்கிவந்த பதிவு, 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னர்த் தொடங்குகிறது. தில்லியாயினும் மும்பையாயினும், நாகபுரியாயினும் ஜாம்ஷெட்பூராயினும், அந்த நாளைக் கணக்கிட்டுக் குறித்து வைக்காத தமிழ்க் குடும்பம் அரிது.

நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணியேற்றுத் தில்லிக்கு வந்த புதிதில், அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். தஞ்சை மாவட்டத்துக்காரர், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகரில் வாழ்ந்தவர். முதல் விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "போக டிக்கெட் வாங்கிவிட்டீர், வருவதற்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார். "அதையும் இங்கேயே வாங்கிவிட்டேன், ஐயா" என்றேன். அவர் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரு புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் காலத்துக் கதையைச் சொன்னார்.

அவர் காலத்தில், விடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே சென்னையிலுள்ள மைத்துனருக்கு ஒரு கடிதமும் ஒரு மணியார்டரும் போகும். கடிதத்தில் திரும்பும் நாள், வண்டியின் பெயர், குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயர், வயது யாவும் இருக்கும். மைத்துனர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்ட்ரல் நிலையத்தில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி வைப்பார். செய்தி உள்நாட்டு அஞ்சல் கடிதத்தில் வரும். இடையில் விடுப்பு மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இதற்குக் கைம்மாறாக ஆண்டுதோறும் கரோல்பாகிலிருந்து அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை கொண்டுபோவேன்" என்று சொல்லிச் சிரித்தார் பெரியவர்.

கம்பளிச் சட்டையும் மணியார்டரும் தேவையில்லாமற் போனது எப்படி? சென்னையிலிருந்து புறப்படும் வண்டியின் இடத்தைத் தில்லிச் சாளரத்திலிருக்கும் எழுத்தர் எவ்வாறு விற்க முடிகிறது? வெவ்வேறு இடங்களில் தனித்தனியே இயங்கும் கணிப்பொறிகள், ஒன்றின் செய்தியை மற்றொன்று அறிந்து, மனிதர் இடையே புகாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது என்னும் கலையின் வரலாறு இது. இன்று வங்கியிலும் வாணிகத்திலும் தொழிற்சாலையிலும் பரவியிருக்கும் இக்கலையை, நம் அனைவருக்கும் பழக்கமான ரயில் முன்பதிவின் வாயிலாகப் பார்ப்போம்.

முதலில், முன்பதிவு என்பது என்ன என்று தெளிந்துகொள்வது நலம். அடிப்படையில் அது ஓர் ஏடு. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வண்டியில், குறிப்பிட்ட வகுப்பில் உள்ள இடங்கள் அனைத்தும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஓரிடம் விற்கப்பட்டதும் அதற்கு நேரே பயணியின் பெயர் ஏறும். இந்த ஏட்டுக்கு ஒரே ஒரு தர்மம் உண்டு: ஓரிடத்தை இருவருக்கு விற்கலாகாது. இந்தச் சிறிய விதியிலிருந்தே பெரிய தொல்லைகள் யாவும் பிறந்தன.

ஓரிடத்தை இருவருக்கு விற்காதிருக்க வேண்டுமானால், ஏடு ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒருவர் கையில் இருக்க வேண்டும். ஆகவே கையால் எழுதிய காலத்தில், இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்று வகுத்திருந்தார்கள். ஒரு சாளரத்தின் முன் நீண்ட வரிசை நிற்க, அடுத்த சாளரத்தின் எழுத்தர் வேலையின்றி அமர்ந்திருப்பதும் உண்டு. அவருடைய ஏடு வேறு வண்டிக்கு உரியது. வழியிலுள்ள நிலையங்களுக்கு ஏட்டைக் கிழித்துக் கொடுக்க முடியாதாகையால், ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கீடு செய்தார்கள். ஓரூரின் ஒதுக்கீடு தீர்ந்து மக்கள் திரும்பிப் போகையில், மற்றோர் ஊரின் ஒதுக்கீடு விலைபோகாமல் கிடக்கும். ஓரூரின் நிலைமையை மற்றோர் ஊர் அறிய வழியில்லை.

திரும்பும் பயணத்துக்கும் வழியில் வண்டி மாறிச் செல்லும் பயணத்துக்கும் இருந்த ஒரே பாலம் தந்தி. இங்குள்ள நிலையம் வண்டி புறப்படும் நிலையத்துக்குத் தந்தி கொடுக்கும். அங்கே ஏட்டைப் பார்த்து இடம் குறித்து, மறு தந்தி அனுப்ப வேண்டும். தந்தி மின்சாரத்தின் வேகத்திற் செல்லக்கூடியதுதான். ஆனால் இரு முனையிலும் அதை எடுத்துப் படித்து, ஏட்டில் எழுதி, பதில் எழுதுவது மனிதர் கை. விரைவான கம்பிக்கு இரு புறமும் மெதுவான காகிதம் இருந்தது. நாம் பேசப் புகுந்த பிரச்சினை முழுவதும் அந்தக் காகிதத்தில் அடங்கியிருந்தது.

இப்பிரச்சினை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதைத் தீர்க்க முயன்றவர்கள் உலகில் இருவேறு வழிகளிற் சென்றார்கள். அவ்விரண்டையும் சற்றே பார்த்துவிட்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

முதல் வழி, எல்லா ஏட்டையும் ஒரே பெரிய பொறிக்குள் வைத்துவிடுவது. அமெரிக்க விமானக் கம்பெனிகள், இடங்களின் கணக்கை அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தன. 1953-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித் என்பாரும், ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனைப் பணியாளர் பிளேர் ஸ்மித் என்பாரும் ஒரு விமானப் பயணத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமர நேர்ந்தது. பெயரொற்றுமையில் தொடங்கிய உரையாடல் முன்பதிவுத் தொல்லைக்குச் சென்றது. அதிலிருந்து பிறந்த முயற்சியே 'சேபர்' என்னும் அமைப்பு. 1960-இல் சிறு அளவில் தொடங்கி, 1964-இல் அக்கம்பெனியின் முன்பதிவு முழுவதையும் அது ஏற்றது. நியூயார்க்குக்கு அருகே இருந்த இரண்டு பெரிய கணிப்பொறிகளுடன், பல நகரங்களிலிருந்த முனையங்கள் தொலைபேசிக் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று தொடரும்.

ஜப்பானிய தேசிய ரயில்வேயும் 1960-லேயே 'மார்ஸ்' என்ற முன்பதிவுப் பொறியை இயக்கத் தொடங்கியது. நான்கு வண்டிகளின் இடங்களை மட்டுமே கவனித்த எளிய தொடக்கம் அது. எனினும், ரயில் இடங்களைப் பொறியிடம் ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது.

இரண்டாவது வழி, ஏடுகள் வெவ்வேறாகவே இருக்கட்டும். அவற்றின் மொழியை ஒன்றாக்குவோம் என்பது. இதன் தோற்றக் கதை கணிப்பொறிக்கூடத்தில் அன்று, ஒரு நகரத்தின் முற்றுகையில் தொடங்குகிறது. 1948 ஜூன் மாதம் பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்கான தரைவழிகள் அடைபட்டன. அம்மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டன. 1949 வரை நீடித்த அந்தப் பணியில் 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு போய் இறங்கியது. சரக்குகளோடு வந்த பட்டியல்களோ பல வடிவில் இருந்தன. எழுதிய முறையும் ஒன்றுபோல் இல்லை. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவத்தினரும் அவருடன் பணியாற்றியவர்களும், எந்த விமானத்துக்கும் பொருந்தும் ஒரே மாதிரிப் பட்டியல் வடிவத்தை வகுத்தார்கள். அதை டெலக்ஸ் மூலமும் தொலைபேசி மூலமும் அனுப்பலாம். பெறுபவருக்கு ஐயம் எழாது. பிற்காலத்தில், 1960-களில், வாணிக நிறுவனங்களின் கணிப்பொறிகள் சரக்குப் பட்டியலையும் விலைப் பட்டியலையும் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் பொது வடிவங்களை உருவாக்கும் முயற்சியில் இதே கில்பர்ட் முன்னின்றார்.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இந்த இரண்டாவது வழியில் ஒரு தனிப் பற்று உண்டு. இரு அலுவலகங்கள் ஒரே சொல்லை இருவேறு பொருளில் வழங்குவதையும், இருவேறு சொற்களை ஒரே பொருளில் வழங்குவதையும் நாள்தோறும் காண்கிறேன். 'தேதி' என்று ஒரு படிவத்தில் இருந்தால், அது விண்ணப்பம் எழுதிய தேதியா, வந்து சேர்ந்த தேதியா என்று கேட்டுத் தெளியாமல் மொழிபெயர்க்க முடியாது. மனிதன் ஐயம் வந்தால் கேட்பான், பொறி கேட்காது. முன்னரே சொல்லிவைத்த பொருளை மட்டுமே அது கொள்ளும். ஆகவே, இரு பொறிகளைக் கம்பியால் இணைப்பதற்கு முன், அவற்றை நடத்தும் மனிதர்கள் சொற்களின் பொருளில் உடன்பட வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்திய ரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு 1985-இல் புதுதில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அரசுத் துறை நிறுவனமாக அன்று விளங்கிய சி.எம்.சி. இதற்கான மென்பொருளை 'போர்ட்ரான்' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதியது. 'இம்ப்ரெஸ்' என்று அதற்குப் பெயர். ஏடு பொறிக்குள் சென்றதும், அந்த ஏட்டை ஒரே சமயத்தில் பல சாளரங்களிலிருந்து பார்க்க முடிந்தது. எந்தச் சாளரத்திலும் அம்மையத்தைச் சேர்ந்த எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஓரிடத்தை இருவர் ஒரே கணத்தில் கேட்டாலும், பொறி ஒருவருக்கு முதலில் கொடுத்து, மற்றவருக்கு அடுத்த இடத்தைக் காட்டும். பின்வந்த ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் இவ்வமைப்பு ஏற்பட்டது.

ஒரு நகரத்துக்குள்ளே வரிசையின் துன்பம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நம் பெரியவரின் மணியார்டர் நிற்கவில்லை. ஏனெனில், ஐந்து நகரங்களில் இருந்தவை ஐந்து தனி ஏடுகள். தில்லிப் பொறிக்குத் தன் வண்டிகள் தெரியும். சென்னைப் பொறிக்குத் தன் வண்டிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தீவாக இருந்தது.

இந்தத் தீவுகளை இணைக்க என்ன செய்யலாம்? ஐந்து ஏடுகளையும் ஓரிடத்தில் கொணர்ந்து ஒரே ஏடாக்குவது ஒரு வழி. அவ்வாறு செய்தால், அந்த ஓரிடத்தில் மின்சாரம் தடைப்பட்டால் குமரி முதல் ஜம்மு வரை சாளரங்கள் நின்றுபோகும். ஒவ்வொரு நகரத்திலும் மற்ற நான்கு நகரங்களின் முனையங்களைத் தனித்தனியே வைப்பது மற்றொரு வழி. அதன்படி ஐந்து நகரங்களுக்கு இருபது ஏற்பாடுகள் வேண்டும். பயணி எந்த வண்டிக்கு எந்தச் சாளரம் என்று மறுபடியும் தேட வேண்டும். பழைய தொல்லையே புதிய உருவில் வந்து நிற்கும்.

மூன்றாவது வழி, ஒவ்வோர் ஏடும் தன் ஊரிலேயே இருக்க, ஒன்று மற்றொன்றைக் கேட்டுப் பதில் பெறும்படி செய்வது. ரயில்வே தேர்ந்தது இதனையே. 1986-இல் ரயில்வேக்கென்றே நிறுவப்பட்ட ரயில்வே தகவல் முறைமைகள் மையம் இப்பணியை மேற்கொண்டது. 'கிரிஸ்' என்ற சுருக்கப் பெயரால் அதனை அறிவர். பழைய மென்பொருளை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாமல், 'சி' என்னும் கணிப்பொறி மொழியில் அனைத்தையும் புதிதாக எழுதினார்கள். புதிய அமைப்பு 1994-இல் முதன்முதலாகச் செகந்திராபாத்தில் இயங்கத் தொடங்கியது. மற்ற மையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு மாறின. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் முழுமையாக இணைந்தன.

இந்த அமைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'கான்செர்ட்'. நீண்டதோர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த சொல் அது. அதைத் தமிழில் பெயர்க்க நேர்ந்தால் 'கச்சேரி' என்பேன். நம் மொழியில் கச்சேரி என்பது வாத்தியங்கள் கூடி இசைப்பதற்கும் பெயர். பழைய வழக்கில் அரசாங்க அலுவலகத்துக்கும் பெயர். வயலினும் மிருதங்கமும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. சுருதியும் தாளமும் மட்டும் பொது. ஐந்து ஏடுகளின் இணைப்பும் அத்தகையதே.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். தில்லியில் ஒருவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து தில்லிக்கு இடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1976-இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியின் வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். எழுத்தர் வண்டி எண்ணையும் நாளையும் முனையத்தில் தட்டுகிறார். தில்லி மையத்தில், செய்திகளை வழிகாட்டி அனுப்புவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அனுப்பும் ஊழியரைப் போன்றது. இந்த வண்டியின் ஏடு சென்னையில் உள்ளது என்று அறிந்து, அது வேண்டுகோளைச் சென்னைக்கு அனுப்புகிறது. சென்னைப் பொறி தன் ஏட்டில் இடத்தைக் குறித்து, பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் சொல்லிப் பதில் விடுக்கிறது. தில்லியில் சீட்டு அச்சாகிறது. பணம் தில்லிக் கணக்கில் ஏறுகிறது; இடம் சென்னைக் கணக்கில் குறைகிறது. சில வினாடிகளில் யாவும் முடிந்துவிடுகிறது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சென்னை இடத்தைக் குறித்துவிட்டது. ஆனால் பதில் தில்லிக்கு வந்து சேருமுன் கம்பி அறுந்துவிட்டது என்று கொள்வோம். அந்த இடம் யாருக்கு? சென்னை ஏட்டின்படி விற்பனையாகிவிட்டது. தில்லியில் வாங்கியவர் எவரும் இல்லை. வண்டி ஒரு படுக்கை காலியாக ஓடும். அல்லது, பதில் வரவில்லையே என்று எழுத்தர் மீண்டும் கேட்க, ஒருவருக்கே இரண்டு இடம் பதிவாகிவிடும். தந்திக் காலத்தின் நோயே இது; வேகம் மட்டும் அதற்கு மருந்தாகாது.

மருந்து ஒரு விதி. கணிப்பொறி அறிஞர்கள் 1970-களில் அதைத் தெளிவாக வகுத்தனர். அவர்களுள் ஜிம் கிரே என்பார் பின்னர், 1998-இல், இத்துறையின் உயர்ந்த பரிசாகிய டூரிங் விருதைப் பெற்றார். பல படிகள் கொண்ட ஒரு காரியம் முழுவதும் நடக்க வேண்டும். அல்லது எதுவுமே நடவாததற்கு ஒப்பாக ஏடுகள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பாதியில் நிற்கலாகாது என்பதே அந்த விதி. இரு தரப்பும் "நான் தயார்" என்று சொன்ன பிறகே, "முடித்துவிடு" என்ற கட்டளை பிறக்கும். நம் திருமணங்களில் நிச்சயதார்த்தத்தை முதலில் வைத்து, தாலி கட்டுவதைப் பின்னர் வைத்த முன்னோருக்கு இந்தத் தத்துவம் புதிதாகத் தோன்றியிராது.

ஐந்து ஏடுகளும் ஒன்றாகிவிடவில்லை என்பதற்குச் சான்று நேயர்களின் கையிலேயே உண்டு. உங்கள் பயணச்சீட்டில் 'பி.என்.ஆர்.' என்னும் பத்து இலக்க எண் இருக்கிறதல்லவா? சென்னையிலிருந்து புறப்படும் வண்டிக்கு வாங்கிய சீட்டில் அது பொதுவாக 4 என்ற இலக்கத்தில் தொடங்கும். புதுதில்லியிலிருந்து புறப்படும் வண்டிக்கு வாங்கியதில் பொதுவாக 2 என்று தொடங்கும். நீங்கள் எங்கிருந்து வாங்கினீர்கள் என்பதை அந்த இலக்கம் சொல்வதில்லை. உங்கள் இடம் எந்த மையத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. போகும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பொதுவான சுருதிக்கும் ஒரு சான்று கூறுவேன். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் குறியீடு 'எம்.ஏ.எஸ்.' என்பது. மதராஸ் என்ற பெயரிலிருந்து பிறந்தது அது. 1996-இல் நகரின் ஆங்கிலப் பெயர் மாறியது. 2019-இல் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. குறியீடு மட்டும் மாறவில்லை. பழமைப் பற்றினால் அன்று; நாடெங்குமுள்ள பொறிகள் அந்த நிலையத்தை அந்த மூன்றெழுத்தால் அறிந்துவைத்திருக்கின்றன. குறியீட்டை மாற்றுவதானால், அதை நம்பியிருக்கும் ஒவ்வோர் அமைப்பிலும் ஒரே சமயத்தில் மாற்றியாக வேண்டும். 2010 டிசம்பரில் நான்கு இலக்கமாயிருந்த வண்டி எண்கள் ஐந்து இலக்கமாக மாறியது நேயர்களுக்கு நினைவிருக்கும். ஓரிலக்கம் கூடியது சிறிய மாறுதலாகத் தோன்றலாம். ஆனால் முன்பதிவு, விசாரணை, நிலைய அறிவிப்பு என்று அந்த எண்ணை வாங்கி வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் அதற்கு இடம்விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இணைந்து வாழ்பவர்கள் தனியே மாற முடியாது. இது கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அறிந்த உண்மை.

ரயில்வேக்குள் ஐந்து ஏடுகள் இணைந்த பின், வெளியாருடன் இணைவது அடுத்த கட்டமாயிற்று. 1999-இல் ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் ரயில்வே நிறுவனம் தோன்றியது. 2002 ஆகஸ்டில் இணையத்தின் வழியே சீட்டு விற்பனை தொடங்கியது. அப்போது சீட்டு அச்சாகி, தூதஞ்சல் மூலம் வீட்டுக்கு வரும். 2005-இல் பயணியே அச்செடுத்துக்கொள்ளும் மின்னணுச் சீட்டு வந்தது. இதில் பங்குகொள்ளும் ஏடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இடத்தின் ஏடு ரயில்வேயிடம். பணத்தின் ஏடு வங்கியிடம். இரண்டுக்கும் நடுவே வேண்டுகோளைச் சுமக்கும் ஏடு ஒன்று. முன்பின் அறியாத மூன்று ஏடுகள் ஒரு நிமிடத்துக்குள் ஒத்த முடிவுக்கு வர வேண்டும்.

எப்போதாவது அவை ஒத்துவராமற் போவதும் உண்டு. வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிடும், சீட்டு வந்திராது. பெரும்பாலும் பின்னர் இரு தரப்புக் கணக்கையும் ஒப்புநோக்கிப் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். இத்தகைய இணைப்புக்களில் நோய் வருவது பெரும்பாலும் உறுப்பில் அன்று, மூட்டில். ஒவ்வோர் ஏடும் தன்னளவில் சரியாக இருக்கும். இரண்டும் சேருமிடத்தில் கணக்கு வழுவும். ஆகவே, பொறிகள் தாமே வேலை செய்யும் இக்காலத்திலும், நாள் முடிவில் இரு ஏடுகளையும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்கும் கணக்கரின் தொழில் அழியவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

இந்த முறை இன்று ரயிலோடு நிற்கவில்லை. கடையில் ஒரு பொருள் விற்றவுடன் கிடங்கின் ஏட்டில் ஒன்று குறைவதும், குறைந்த சரக்குக்குத் தானாகவே கொள்முதல் ஆணை போவதும், ஊழியரின் வருகைப் பதிவிலிருந்து சம்பளக் கணக்கு எழுதப்படுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஏட்டுக்கு உரியவர் ஒருவர், கேட்பதற்குப் பொது மொழி, பாதியில் நில்லாத விதி ஆகிய மூன்றும் அமைந்தால் எத்தனை அமைப்புக்களையும் இணைக்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும், எத்தனை வேகமான கம்பியும் பயன்தராது.

ஆயினும், இணைப்பு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊரில் தாயார் நோயுற்றார் என்ற செய்தி நள்ளிரவில் வந்தால், எந்த வண்டியில் இடமிருக்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே நாடு முழுவதும் தேடிப் பார்க்க முடிகிறது. புறப்படும்போதே திரும்பும் நாளை உறுதி செய்துகொண்டு, விடுப்புக்குக் கணக்குச் சொல்ல முடிகிறது. அயல் மாநிலத்தில் வாழும் எளியவருக்கு இவை சிறு நன்மைகள் அல்ல. ஆனால் இணைப்பினால் ஒரு படுக்கைகூட அதிகமாகவில்லை. காலியாய்ப் போகும் இடத்தை அது காட்டிக்கொடுத்தது. இல்லாத இடத்தை அதனால் தோற்றுவிக்க முடியாது. பண்டிகைக் காலத்தில் காத்திருப்போர் பட்டியல் சில நிமிடங்களில் நீண்டுவிடுவதற்கு இதுவே காரணம். முன்பு வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது பொறிக்குள் நிற்கிறது.

வேகம் எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை என்பதும் உண்மை. விரைவாகத் தட்டத் தெரிந்தவரும் நல்ல இணைய வசதி உடையவரும் முந்திக்கொள்கிறார்கள். மனிதரைவிட விரைந்து படிவத்தை நிரப்பும் மென்பொருளை வைத்து இடங்களைக் கவரும் தரகர்களும் தோன்றினார்கள். அதைத் தடுக்க, 2025 ஜூலை முதல் இணைய வழித் தட்கால் சீட்டுக்கு ஆதார் சரிபார்ப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அதாவது, இடத்தின் ஏட்டோடு ஆளின் ஏடும் இணைந்தது. தரகரைத் தடுப்பது நன்று. அதே சமயம், கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து, கைப்பேசி எண் அடிக்கடி மாறும் தொழிலாளி இந்த இணைப்பில் விடுபட்டுப் போகாமல் பார்ப்பதும் கடமை. ஒவ்வொரு புதிய இணைப்பும் ஒரு புதிய வாயில். வாயிலைக் கட்டும்போதே, அதனுள் நுழைய முடியாதவர் யார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பொறி கேட்காது என்று முன்பே சொன்னேன்.

தில்லிப் பெரியவரிடம் என் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டபோது, "உங்கள் மைத்துனருக்கு இப்போது அலைச்சல் இல்லை" என்றேன். "அலைச்சல் இல்லைதான். கடிதமும் இல்லை" என்றார் அவர். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, சென்னையில் மைத்துனரின் வீட்டு முகவரியை ஒரு தாளில் எழ்திக் கொடுத்தார்; அலமாரியிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையையும் எடுத்து என்னிடம் தந்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் வண்டியில் எனக்குரிய படுக்கை, தில்லியில் அச்சான சீட்டில் சொல்லியிருந்தபடியே இருந்தது.